பிக்கப்பை மாற்றினால் ஹம் நிற்குமா?

கேள்வி, 2024 ஏப்ரல் 18

கோபியிலிருந்து எழுதுகிறேன். ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாதிரியில் செய்த ஒரு பேஸ் கிட்டாரை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. கேபிள் சொருகும் ஜாக் ஆடிக்கொண்டிருந்ததால் ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்தேன். இப்போது ஆம்பைப் போட்டாலே ஹம் என்று இரைகிறது. "பிக்கப் ரெண்டும் வீக்காயிடுச்சு, மாத்திருங்க, டோனும் நல்லா வரும்" என்கிறார்கள். ஒன்பதாயிரம் ஆகுமாம். மாற்றலாமா?

ஏப்ரல் 18, இரவு

தம்பி, அந்த ஒன்பதாயிரம் அப்படியே இருக்கட்டும். பிக்கப் என்பது பேஸ் கம்பியின் அதிர்வை ஆம்புக்குப் போகும் சிக்னலாக மாற்றும் காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும், அவ்வளவுதான். சுருள் அறுந்தால் சத்தம் வராது, வந்தாலும் தகரத்தைத் தட்டியதுபோல மெலிந்து வரும். பழசாகிவிட்டது என்பதற்காக இரைய ஆரம்பிக்காது.

சந்தேகம் தீர ஒரு மல்டிமீட்டர் போதும். கேபிளின் ஒரு முனையை பேஸில் சொருகுங்கள். மறுமுனையின் நுனியில் மீட்டரின் ஒரு முள், தண்டில் ஒரு முள். பிக்கப்புக்கு ஒன்றாக இருக்கும் வால்யூம் குமிழ்களில் ஒன்றை முழுக்கத் திறந்து மற்றதை முழுக்க மூடினால் ஏழு, எட்டு கிலோ ஓம் பக்கம் காட்ட வேண்டும். அப்புறம் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் திறந்தால் அதில் பாதிதான் இருக்கும். எண் நூறு கிலோ ஓமைத் தாண்டினால் மட்டும் சுருள் போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. ஜாஸ் பேஸ் 1960-ல் வந்த நாளிலிருந்து அதில் இருப்பது இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப். ஒற்றைச் சுருள் என்றால் கொஞ்சம் ஹம் கூடவே பிறந்தது. அதே கம்பெனியின் பிரிசிஷன் பேஸில் 1957-லேயே பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, ஒன்றின் சுற்றையும் காந்தத்தையும் மற்றதற்கு எதிராக வைத்து ஹம்மை அடித்துவிட்டார்கள். இன்றைய ஜாஸ் பேஸில் அதே வேலையை முன் பிக்கப்பும் பின் பிக்கப்பும் சேர்ந்து செய்கின்றன. ஆனால் இரண்டு வால்யூமும் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். ஒன்றைக் கொஞ்சம் இறக்கினாலும் ஹம் எட்டிப் பார்க்கும். அது கோளாறு இல்லை.

மூடியைக் கழற்றி உள்ளே செம்புத் தாளை ஒட்டிவிடுங்கள், முடிந்தது.

ஏப்ரல் 19

நேற்று விட்டுப்போனது. வருகிற சத்தம் கரண்ட் சத்தம்தானா என்று மீட்டர் இல்லாமல் காதாலேயே கண்டுபிடிக்கலாம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சின்ன ஆம்பில் 50 கேட்பது கஷ்டம், அதன் இரட்டிப்பான 100 தான் நன்றாகக் கேட்கும். பேஸின் ஜி கம்பியைத் திறந்து அடித்தால் அது 98. ஹம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கம்பியை மெதுவாக அடித்து நீளவிடுங்கள். இரண்டும் உரசி, நொடிக்கு இரண்டு தடவை சத்தம் ஏறி இறங்கும், தொட்டில் ஆடுகிற மாதிரி. அப்படி ஆடினால் சந்தேகமே வேண்டாம், சுவரிலிருந்து வருவதுதான். இ கம்பியின் மூன்றாவது ஃபிரெட் 49 ஹெர்ட்ஸ், பெரிய ஸ்பீக்கர் இருந்தால் அதில் நொடிக்கு ஒரு ஆட்டம் தெரியும்.

அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே ஹம் ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவில் போய் விழும். நமக்கு அது ஜி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜி மேஜரில் பாட்டு வாசிக்கும்போது ஹம் தொந்தரவு செய்யாமல் ஒளிந்துகொள்வதை நான் எத்தனையோ மேடையில் கவனித்திருக்கிறேன்.

ஏப்ரல் 21

தம்பி அளந்து எழுதியிருக்கிறார். இரண்டையும் திறந்தால் 3.8 கிலோ ஓம். ஒன்றை மூடினால் 7 வரவில்லை, பூஜ்யம் வருகிறது. எதை மூடினாலும் பூஜ்யம். "அப்ப ரெண்டுமே போச்சுங்களாண்ணா?" என்று கேட்கிறார்.

போகவில்லை. இரண்டும் திறந்திருக்கும்போது 3.8 வந்ததே, அதுவே இரண்டும் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி. நான் சொன்ன சோதனை சரியான ஜாஸ் பேஸ் வயரிங்குக்குப் பொருந்தும், அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. வால்யூமில் வயர் பற்றவைக்கும் மூன்று முனைகளைத்தான் காது என்கிறேன். ஜாஸ் பேஸில் பிக்கப்பின் சூட்டுக் கம்பி, அதாவது சிக்னலைக் கொண்டுபோகும் வயர், வால்யூமின் நடுக்காதுக்குப் போகும், ஓரக்காதிலிருந்து வெளியே வரும். அதனால்தான் ஒன்றை மூடினாலும் மற்றது பாடும். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார் பலவற்றில் இது தலைகீழ். பிக்கப் ஓரக்காதுக்கு, வெளியே போவது நடுக்காதிலிருந்து. அப்படிச் செய்தால் எந்த ஒன்றை மூடினாலும் மொத்தமும் செத்துவிடும். உங்கள் பேஸில் யாரோ கிட்டார் வயரிங் போட்டிருக்கிறார்கள். இரண்டு வால்யூமிலும் நடுக்காதையும் ஓரக்காதையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். எர்த் போகிற காதைத் தொட வேண்டாம்.

இப்போது முக்கியமான ஒன்று. வாசிக்கிற கம்பியைக் கையால் தொட்டால் ஹம் குறைகிறதா, அப்படியே இருக்கிறதா, கூடுகிறதா? குறைந்தால் எர்த் சரி, உள்ளே மறைப்பு போதாது. மாறாமல் இருந்தால், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயர் விட்டுப்போயிருக்கும். கூடினால் சொல்லுங்கள்.

ஏப்ரல் 21, மறுபடி

கூடுகிறது என்கிறார். ஜாக்கைத்தான் பார்க்க வேண்டும். கேள்வியிலேயே எழுதியிருந்தார், ஜாக்கைச் சரிசெய்த பிறகுதான் வந்தது என்று. நான் அதைத் தாண்டி பிக்கப்புக்கும் செம்புத் தாளுக்கும் போய்விட்டேன்.

ஜாக்கைக் கழற்றினால் இரண்டு காது தெரியும். ஒன்று கேபிளின் நுனியைத் தொடும் நீளமான நாக்கோடு சேர்ந்தது, சூட்டுக் கம்பி அதற்கு. மற்றது தண்டைப் பிடிக்கும் வளையத்தோடு சேர்ந்தது, எர்த் அதற்கு. இரண்டையும் மாற்றிப் பற்றவைத்தால் பிரிட்ஜும் கம்பிகளும் சிக்னல் பக்கம் போய்விடும். நீங்கள் தொட்டவுடன் உங்கள் ஆறடி உடம்பும் சேர்ந்து ஒரு ஆண்டெனா.

ஏப்ரல் 24

ஜாக்கில் இரண்டையும் மாற்றிப் பற்றவைத்துவிட்டார். "உம்ம்ம் போயிடுச்சுங்கண்ணா, கிர்ர்ருன்னு மட்டும் கொஞ்சம் இருக்குது." சால்டரிங் இரும்பு கடன் வாங்கியதாம். மொத்தச் செலவு ஈயத்துக்கு முப்பது ரூபாய்.

கிர்ர்ருக்கு அப்புறம் வருகிறேன்.

மே 2

பிக்கப் ஒருபோதும் சாகாது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னுடையது ஒன்று செத்தது. 2011. பின் பிக்கப், மீட்டரில் திறந்த சுற்று, அதாவது உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. தூக்கிப் போடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை, அந்த பிக்கப்பின் குரல் எனக்குப் பழகியிருந்தது.

கோயமுத்தூர் கணபதி பக்கம் எங்கள் போர்வெல் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பம்பு செட்டு ஊரில் கம்பி சுற்றுகிற கைக்கா பஞ்சம்? அவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கிப் பார்த்தார். "ஏனுங்க, எத்தன சுத்துங்க இது?" ஆயிரக்கணக்கில் இருக்கும் என்றேன். கம்பி 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. அவர் தினமும் சுற்றும் கம்பிக்கு முன்னால் இது சிலந்தி நூல்.

கடிகாரக்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸை எடுத்தார். மேலே சுற்றியிருந்த நாடாவை பிளேடு நுனியால் நெம்பி எடுத்தார். சுருளின் வெளிமுனை வந்து சேரும் பித்தளைக் கண்ணிக்குப் பக்கத்தில் கடுகளவு பச்சைப் பொட்டு. களிம்பு. பல வருஷ வியர்வை உள்ளே இறங்கி அந்த ஒரு இடத்தில் கம்பியைத் தின்றிருந்தது. "இங்கதானுங்க" என்றார். ஒரே ஒரு சுற்றைப் பிரித்தார். உப்புத்தாளை மடித்து, அதன் நடுவில் கம்பியை வைத்து, இரண்டு விரலால் சும்மா பிடித்து இழுத்தார். அழுத்தவே இல்லை. எனாமல் போய்ச் செம்பு பளிச்சென்று தெரிந்தது. ஈயம் வைத்து, மோட்டாருக்குப் பூசும் வார்னிஷ் ஒரு சொட்டு விட்டு, மறுபடி நாடா. மீட்டர் 7.5 காட்டியது. ஐம்பது ரூபாய் வாங்கினார்.

அந்த பிக்கப் இன்றும் என் பேஸில் இருக்கிறது. அறுந்தது வெளிமுனையாக இருந்ததால் பிழைத்தது. உள்முனை என்றால் முழுக்கப் பிரித்துச் சுற்ற வேண்டும்.

மே 9

முதல் நாள் செம்புத் தாளை ஒட்டினால் முடிந்தது என்று எழுதினேன். அது பாதிதான் சரி.

உம்ம்ம் வேறு, கிர்ர் வேறு. உம்ம்ம் பெரும்பாலும் காந்தப் புலத்தால் வருவது, ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்தில் ஓடும் மோட்டார் இதெல்லாம். செம்புத் தாள் அதைத் தடுக்காது. அதற்கு மருந்து இரண்டு சுருள் எதிரெதிராக வேலைசெய்வதுதான், இல்லையென்றால் ஆம்பை விட்டு எட்டி நின்று திரும்பிப் பார்ப்பது. உட்கார்ந்த இடத்தில் மெதுவாகச் சுற்றினாலே ஒரு திசையில் அடங்கும். கிர்ர் என்பது காற்றில் வரும் மின்புலம். டியூப்லைட், சார்ஜர், மலிவு எல்இடி. செம்புத் தாள் இதைத்தான் தடுக்கும். ஒட்டினால் எல்லாத் துண்டும் ஒன்றையொன்று தொட்டு எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும், மீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள். சமையல் அலுமினியத் தாளில் ஈயம் ஒட்டாது, அதில் மெனக்கெட வேண்டாம்.

எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு, பல்லடம் பக்கம். ஐம்பது அடியில் தறிக்குடோன். இத்தனை வருஷமும் என் கிர்ர்ருக்குத் தறி மோட்டார்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். கரண்ட் இருந்து தறி மட்டும் நின்ற ஒரு நாள் வாசித்தபோதும் கிர்ர் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். ஃபேன். அதாவது ஃபேனின் ரெகுலேட்டர். குமிழைத் திருப்பத் திருப்ப வேகம் சீராக மாறுமே, அந்த எலெக்ட்ரானிக் வகை. ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டி வெட்டித்தான் அது வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டுதான் கிர்ர். ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன், பாதி போய்விட்டது. படிப்படியாகத் திரும்பும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாற்றினேன், மீதியும் போய்விட்டது.

தம்பி, உங்கள் வீட்டிலும் முதலில் ஃபேனைப் பாருங்கள்.

மே 10

ஃபேன்தானாம்.

மே 13

டோன் குமிழோடு சேர்ந்து கூர்மையைக் குறைக்கும் டோன் கெபாசிட்டரைப் பற்றிக் கேட்கிறார். ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக வருவதைப் போட்டால் சத்தம் இனிமையாகும் என்கிறார்களே, நிஜமா?

நானும் பத்து வருஷம் அதை நம்பினேன், மற்றவர்களுக்கும் சொன்னேன். வட்டுப் பொத்தான் மாதிரி இருக்கும் செராமிக்கை எடுத்துவிட்டு ஃபிலிம் வகை போட்டபோது டோன் கனத்தது, என் காதால் கேட்டேன். போன வருஷம் கெபாசிட்டர் அளக்கும் மீட்டர் கைக்கு வந்தது. இரண்டையும் அளந்தேன். இரண்டிலும் 473 என்றுதான் எழுதியிருந்தது, 0.047 மைக்ரோ ஃபாரட். செராமிக் காட்டியது 0.038. ஃபிலிம் 0.049. நான் கேட்ட வித்தியாசம் நிஜம், ஆனால் அது பொருளின் வித்தியாசம் இல்லை, அளவின் வித்தியாசம். அப்புறம் 0.047 சரியாகக் காட்டும் ஒரு செராமிக்கைத் தேடியெடுத்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு என்னால் பிரிக்க முடியவில்லை.

டோன் குமிழ் முழுக்கத் திறந்திருந்தால் எதைப் போட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூடும்போதுதான் அளவு பேசும். 0.022 போட்டால் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும், 0.1 போட்டால் போர்வைக்குள் போய்விடும். அதைவிட, வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் 250 கிலோ ஓமா 500-ஆ, காதுக்கு ஏற்றபடி மாறும் ஏ வகையா, நேர்கோடாக மாறும் பி வகையா என்று பாருங்கள். 500 போட்டால் கூர்மை ஏறும். பி வகை போட்டால் குமிழ் பாதி தூரம் சும்மா திரும்பி, கடைசியில் திடீரென்று விழும். பாட்டுக்கு நடுவில் வால்யூமைத் தொடுகிறவர்களுக்கு இது கெபாசிட்டரைவிடப் பெரிய விஷயம்.

மே 26

இதை எழுத வேண்டாமா என்று யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

ஹம் போக ஆம்பின் மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை எடுத்துவிட்டால் போதும் என்று யாரோ தம்பிக்குச் சொல்லியிருக்கிறார்கள். செய்யாதீர்கள். வாசிப்பவர் உயிருக்கும் கரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு முள்தான்.

2016-ல் அவிநாசி பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பி. மெல்லிசைக் கச்சேரி, ஜெனரேட்டர் கரண்ட். இரைச்சல் வருகிறது என்று குழுவில் ஒருவர் என் ஆம்பின் எர்த்தைக் கழற்றிவிட்டிருக்கிறார், எனக்குத் தெரியாது. கோரஸுக்கு மைக் பக்கம் வாயைக் கொண்டுபோனேன், இடது கை கம்பியின் மேல். உதட்டில் பட்டவுடன் தலைக்குள் வெள்ளையாக ஒரு வெட்டு. கை கம்பியை விடவில்லை, நான்தான் பின்னால் சாய்ந்து விழுந்தேன். விழுந்ததால் பிழைத்தேன். உதட்டில் கொப்புளம் ஒரு வாரம் இருந்தது. என் வீட்டுக்காரி அதற்கப்புறம் ஒவ்வொரு கச்சேரிக்கும் கிளம்பும்போது, "டெஸ்டர் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

எடுத்துக்கொள்கிறேன். மேடை ஏறியதும் முதலில் டெஸ்டரால் என் கம்பியைத் தொடுவேன், அப்புறம் மைக்கின் வலையை. விளக்கு எரிந்தால் வாசிக்க மாட்டேன். எர்த் இல்லாத ஆம்பின் உடம்பில் 110 வோல்ட் பக்கம் மீட்டர் காட்டுவது சர்வ சாதாரணம். அது பெரும்பாலும் கசிவுதான், சுருக்கென்று இருக்கும். ஆனால் உள்ளே ஏதாவது பழுதாகியிருந்தால் அதே இடத்தில் 230 வந்து நிற்கும். வெளியே நின்று பார்த்தால் எது எதுவென்று தெரியாது. மிக்சருக்குப் போகும் வழியில் ஹம் வந்தால் பேஸுக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும் டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டுங்கள். அது சத்தக் கம்பியின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், சுவரின் எர்த்தைத் தொடாது.

வீட்டிலும் பாருங்கள். எங்கள் சாளையில் எர்த் குழி அப்பாரு (தாத்தா) காலத்தில் உப்பும் அடுப்புக்கரியும் போட்டு இறக்கியது. போன கோடையில் எலெக்ட்ரீசியன் வந்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் நூறு வாட் பல்பை வைத்துப் பார்த்தார். மின்மினி மாதிரி மினுக்கியது. மண் காய்ந்து பாளமாகிக் கிடந்தது. நாலு குடம் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பல்பு நன்றாக எரிந்தது. அன்று மாலை ஆம்பைப் போட்டபோது கம்பியில் இருந்த அந்த மெல்லிய சுருசுருப்பு இல்லை. இப்போது தென்னைக்குத் தண்ணீர் விடும்போது எர்த் குழிக்கும் ஒரு குடம். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் போட்டாகிவிட்டது. இந்த வேலையை எலெக்ட்ரீசியனை வைத்தே செய்யுங்கள், பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்கள் இறங்க வேண்டாம்.

ஜூன் 8

எர்த் குழியை அன்றே பார்த்துவிட்டதாக எழுதியிருக்கிறார். நிம்மதி.

இனி டோன். ஒன்பதாயிரம் மிச்சமாகியிருக்கிறது, எதில் போடலாம் என்கிறார்.

கம்பியில் போடுங்கள். உங்கள் பேஸில் இருப்பது வாங்கியபோது வந்த கம்பி, நாலு விரலும் கறுப்பாகிறது என்று நீங்களே சொன்னீர்கள். எனக்குப் பிடித்தது ஃபிளாட்வுண்ட், மேலே தட்டையான நாடா சுற்றிய வழவழப்பான கம்பி. சிறுவயதில் துடும்பு மேளம் கேட்டு வளர்ந்த காது இது. நோம்பியில் துடும்புக்காரர்கள் ஒன்றாக அடிக்கும்போது பக்கத்துத் தகரக் கொட்டகை அதிரும், ஆனால் ஒவ்வொரு அடியும் உடனே நின்றுவிடும். நீளாது. அந்த நிற்றல்தான் ஆட வைக்கும். பேஸிலும் எனக்கு அதுதான் வேண்டும். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷன் பேஸில் ஃபிளாட்வுண்ட் போட்டு, பிரிட்ஜ் பக்கம் நுரையை வைத்து, வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். கம்பியை மாற்றவும் மாட்டார். நான் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்து, பச்சையை உரித்துவிட்டு மஞ்சளை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜுக்கு முன்னால் கம்பிக்கு அடியில் செருகுகிறேன். பத்து ரூபாய்.

ஜூன் 9

நேற்று எழுதியதை எல்லா இடத்திலும் செய்யாதீர்கள். ரேடியோ செட்டுக்காரர் குழாய் ஸ்பீக்கர் மட்டும் கட்டியிருந்தால் ஸ்பாஞ்சை உருவிவிடுங்கள். குழாய் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதையும் தராது. உங்கள் இ கம்பி 41 ஹெர்ட்ஸ். கூட்டம் கேட்பது அதன் மேல்சுரங்களைத்தான், ஸ்பாஞ்ச் அவற்றைத்தான் முதலில் விழுங்கும். நான் கனம் வேண்டும் என்று டோனை முழுக்க மூடி, ஸ்பாஞ்சும் வைத்து வாசித்த ஒரு கச்சேரியில், என் மச்சான் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, "இன்னைக்கு நீங்க வாசிக்கலயா மாப்ள?" என்று கேட்டார். குழாய்க்கு டோனைத் திறந்து, பின் பிக்கப்பைக் கூட்டி, 500 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கள். பெரிய பாக்ஸ் கட்டியிருந்தால் ஸ்பாஞ்ச்.

ஜூன் 16

தம்பி இன்று பேஸைத் தூக்கிக்கொண்டு சாளைக்கே வந்துவிட்டார். பெரிய உம்ம்ம் போனாலும், இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தும் கொஞ்சம் ஹம் அடங்கவில்லை என்றார். முன் பிக்கப்பும் பின் பிக்கப்பும் உண்மையிலேயே எதிரெதிரா என்று பார்க்க, மச்சான் வாஸ்து பார்க்க வைத்திருக்கும் திசைகாட்டியை எடுத்தோம். கிட்டக் கொண்டுபோகக் கூடாது, பிக்கப் காந்தம் முள்ளையே தலைகீழாக்கிவிடும். ஒரு சாண் தூரத்திலிருந்து மெல்ல நகர்த்தி, முள் அசைந்ததும் நிறுத்தினோம். முன் பிக்கப்புக்கு வடமுனை திரும்பியது. பின் பிக்கப்புக்கும் வடமுனைதான். இரண்டும் ஒரே வகை. மலிவு பேஸ்களில் இப்படி வருவதுண்டு. இதில் ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் ஹம் போகும், ஆனால் பேஸின் கனமான கீழ்ச்சத்தமும் சேர்ந்து போய்விடும்.

ஆக இந்தப் பேஸுக்கு ஒரு பிக்கப் மாற்றுவது நியாயம்தான். இரண்டு வேண்டாம், எதிர்ச்சுற்று எதிர்க்காந்தம் உள்ள ஒன்று போதும். கடைக்காரர் சொன்ன காரணம் தப்பு, சொன்ன மருந்தில் பாதி சரி. மாற்றாமலே வாசிக்கலாமா என்றும் கேட்டார். வாசிக்கலாம், ஃபேன் ரெகுலேட்டரை மாற்றிய பிறகு மீதி இருக்கும் ஹம் பாட்டு ஆரம்பித்தால் கேட்கவில்லை. முதலில் கம்பி, பிக்கப் தீபாவளிக்கு என்று முடிவாயிற்று.

பொழுதோட வரைக்கும் இரண்டு பேரும் வாசித்தோம். தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜூன் 17

தம்பி, திசைகாட்டி உங்கள் பேஸ் பையின் முன் ஜோப்பில் போயிருக்கிறதா பாருங்கள். மச்சான் புதன்கிழமை வீட்டுக்கு நூல் பிடிக்கப் போகிறாராம், காலையிலிருந்து தேடுகிறார்.